வாய் தைத்த பைகள்

மாஸ்டர் தைத்த கோட்டை அணிந்து மணமேடை ஏறியவர்கள் உண்டு. நீதிமன்றப் படி ஏறியவர்கள் உண்டு. பதவி ஏற்றவர்கள் உண்டு. பதவி பறிபோய் இறங்கியவர்களும் உண்டு. இத்தனை தோள்களை அளந்த கைக்கு, ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் இருந்த ஒரு ஜோடித் தோள் மட்டும் அகப்படவே இல்லை. அது அவர் மனைவியின் தோள்.

அந்த அம்மையார் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். தெருவே அவரை டிரைவரம்மா என்றுதான் அழைத்தது. மாஸ்டரும் அப்படியே அழைத்தார், கொஞ்சம் கேலியாக, நிறையப் பெருமையாக. டிரைவரம்மாவோ கணவரை, ஊரார் அழைப்பதைப் போலவே, மாஸ்டர் என்றார். ஒருவர் தொழிலை மற்றவர் வாயால் சொல்லிக்கொண்டே முடி நரைத்துவிட்ட குடும்பம் அது.

வேலைக்குப் போனாலும், விருந்துக்குப் போனாலும், எதிர்வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை வாங்கப் போனாலும், டிரைவரம்மா உடுத்துவது பணிச்சீருடைக் கால்சட்டையையே. காரணம், அதில் பைகள் இருந்தன. அந்தப் பைகளுக்குள் கட்டுத்துணி, கையுறை, கத்திரி, பேனா அளவு டார்ச், விசில், ஊக்கு, குளுக்கோஸ் மிட்டாய் எல்லாம் குடியிருந்தன. அவர் நடந்தால் ஒலிக்கும். உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று குத்தும். ஆனால் பக்கத்தில் எவனாவது மயங்கி விழுந்தால், விழுந்தவன் கண் திறந்த மறுகணமே அவன் வாயில் மிட்டாய் இருக்கும்.

மாஸ்டருக்கு இதில் பெருமைதான். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், அந்தப் பெருமை நெஞ்சில் முள்ளாகக் குத்தும். அது தையல்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம்.

பரிசு இல்லை, பதக்கம் இல்லை. ஆயினும் அக்கூட்டம் ஒரு பரீட்சை. ஒவ்வொரு தையல்காரரும் தாம் தைத்ததைத் தாமும் அணிந்து, தம் வீட்டாருக்கும் அணிவித்து அழைத்து வருவார். வந்தவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்னே கண்கள் தோளைப் பார்க்கும், காலரைப் பார்க்கும், முதுகில் துணி படிந்து விழும் விழுகையைப் பார்க்கும். அதிலும் ஒருவர் இருந்தார். கண்ணாலேயே அரை அங்குலம் கூட்டிக் குறைத்துச் சொல்லிவிடுவார் என்பதால் சங்கத்தில் அவருக்கு இஞ்சுடேப்பு என்று பெயர். சென்ற ஆண்டு, சீருடையோடு வந்து நின்ற டிரைவரம்மாவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"என்ன மாஸ்டர், வேலைக்குப் போற உடுப்போடயே கூட்டிட்டு வந்துட்டீங்க? கடையில துணி தீந்துபோச்சா, இல்ல வீட்டுல மரியாதை தீந்துபோச்சா?"

மாஸ்டர் நெளிந்தார். டிரைவரம்மா நெளியவில்லை.

"மரியாதை பையில பத்திரமா இருக்குண்ணே. பக்கத்துலயே பிளாஸ்திரியும் இருக்கு. ஒண்ணு தரேன், வாயில ஒட்டிக்குங்க."

மண்டபம் சிரித்தது. இஞ்சுடேப்பும் சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த ஆண்டு, கூட்டத்துக்கு வெகுநாள் முன்னதாகவே, அவர் ஒரு கருநீலக் கோட்டைத் தைத்து முடித்து மனைவியின் முன்னால் பிடித்தார். டிரைவரம்மா துணியைத் தடவிப் பார்த்தார். கண்ணில் ஒரு ஆசை மின்னியதை மாஸ்டர் பார்த்துவிட்டார். பிறகு அந்தக் கை இடுப்புக்குப் போயிற்று. பையின் மூடியைத் தூக்கிற்று. உள்ளே நுழையப் பார்த்தது. நகம் துணியில் முட்டி நின்றது.

"மாஸ்டர், மூடி இருக்கு. பை எங்க?"

"பை கிடையாதும்மா. சும்மா அழகுக்கு."

"அழகுக்கா?"

"பொம்பளைங்க கோட்டுக்குப் பை வெச்சா இடுப்பு லைன் கெட்டுப்போகும். காலங்காலமா அப்படித்தான்."

"யாரோட காலம் அது? உங்க கோட்டுல எத்தனை பை?"

மாஸ்டர் தம் கோட்டைப் பார்த்தார். வெளியே பை, உள்ளே பை, பைக்குள்ளே பை.

"உங்களுக்கு மட்டும் லைன் கெடாதா? சுவத்துல கதவு மாதிரி படம் வரைஞ்சு வெச்சுட்டு, 'வாங்க வாங்க, உள்ள வாங்க'ன்னு கூப்பிடுறீங்களே மாஸ்டர்!"

அடுப்படியையும் அலுவலகத்தையும் குழந்தையையும் கணக்கையும் ஒருசேரச் சுமக்கச் சொல்லி ஒரு பாலினத்தை ஏவிய உலகம், ஒரு சாவியைப் போட்டுக்கொள்ளக்கூட அதற்கு இடம் தரவில்லை. இடம் தராததையும் மறைக்க ஒரு மூடியைத் தைத்து, அதற்கு அழகு என்று பெயரும் வைத்தது. அந்த மூடிகளில் எத்தனையோ மாஸ்டரின் கையால் தைக்கப்பட்டவை. ஊசி பிடித்த நாள் முதல் தோன்றாத கேள்வி, அன்று மனைவியின் நகம் முட்டிய இடத்தில் அவருக்குத் தோன்றியது.

ஆயினும் ஒரு கடைசி முயற்சி செய்தார். "கைப்பை இருக்குல்லம்மா? எல்லாத்தையும் அதுல போட்டுக்கயேன்."

"கைப்பை எங்க இருக்கும்? நாற்காலியில இருக்கும். நான் எங்க இருப்பேன்? தரையில இருப்பேன். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. வெகுகாலத்துக்கு முன் ஒரு வரவேற்பில், டிரைவரம்மாவும் எல்லாரையும் போல நல்ல உடுப்பு உடுத்தித்தான் போயிருந்தார். ஒரு குழந்தை படியில் தடுக்கி, நெற்றி பிளந்து விழுந்தது. கட்டுத்துணி இருந்த பையோ, கூட்டத்துக்கு அப்பால், மேலாடைகளை வாங்கி வைத்த அறையில், எத்தனையோ பைகளுக்கு அடியில். எடுத்து வந்து கட்டுவதற்குள் அந்தக் குழந்தை அழுத அழுகை இன்னும் டிரைவரம்மாவின் காதில் இருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. தழும்பு மட்டும் மிச்சம். அன்று மடித்து வைத்த நல்ல உடுப்பை அவர் பிறகு பிரிக்கவே இல்லை.

"சரி," என்றார் மாஸ்டர். "உன் சாமானெல்லாம் உள்ள இருக்கணும். வெளிய ஒண்ணும் தெரியக் கூடாது. அப்படி ஒரு கோட்டுத் தைச்சா போடுவியா?"

டிரைவரம்மா யோசித்தார்.

"போடறேன். ஆனா ஒரு பேச்சு. நான் பையில கை வெச்சா பொருள் கையில வரணும். ஒரு தடவை வரலேன்னாலும், அதுக்கப்புறம் அந்தக் கோட்டு என் தோள்ல ஏறாது. நீங்களும் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

அன்று தொடங்கியது வேலை. தைத்த கோட்டை மாஸ்டர் பிரித்தார். உருண்டையாக இருந்த கட்டுத்துணியை விரித்துத் தட்டையாக மடிக்கச் சொன்னார். அது இடது மார்பின் உட்புறம் படிந்துகொண்டது. டார்ச்சுக்கு முன்விளிம்பு: அங்கே உள்ளே வைத்துத் தைத்த கேன்வாஸ் விறைப்பாக இருப்பதால் டார்ச்சும் துணியும் வேறுவேறாகத் தெரியாது. விசில் காலர் மடிப்பின் அடியில். கையுறை இடது கைப்பட்டியின் லைனிங்கில். கத்திரியின் கனம் ஒரு பக்கம் இழுத்தது. அதற்கு ஈடாக மறுபக்கம் குளுக்கோஸ் மிட்டாய்களை வைத்தார், வலது இடுப்பு மூடிக்குக் கீழே, இதுவரை இல்லாதிருந்த உண்மையான பையில். எதுவும் எதோடும் மோதி ஒலிக்காதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு துணி உறை.

"கையைத் தூக்கு... இறக்கு... குனி."

"குனிஞ்சா டார்ச் குத்துது மாஸ்டர்."

"எங்க?"

"சொல்லக் கூச்சமா இருக்கு."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே டார்ச்சை அரை அங்குலம் நகர்த்தினார். தைத்து முடித்த நூலை வாயருகே கொண்டுபோய்ப் பல்லால் வெட்டினார். அவருடைய முன்பல்லில் அதற்கென்றே ஒரு சிறு வெட்டு விழுந்திருந்தது.

"மறுபடி பல்லாலயா? கத்திரி பக்கத்துலதான கிடக்கு! ஒருநாள் அந்தப் பல்லு கையோட வரப்போகுது, பாருங்க."

"வந்தா உன் பையில போட்டுக்க. இடம்தான் இருக்கே."

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை, கோட்டை இஸ்திரி போட்டு, பொருள்களையெல்லாம் அதனதன் பையில் வைத்து மாட்டினார் மாஸ்டர். கனத்தோடு தொங்கினாலும் துணி துளிகூட இழுபடவில்லை. வாசலுக்கும் கடைக்குமாகப் போய்வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டிரைவரம்மா வேலையிலிருந்து நேரே கடைக்கு வந்து, உள்ளறையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வந்தார். மாஸ்டரின் கையிலிருந்த அளவுநாடா நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு.

"என்ன, வாயடைச்சுப் போச்சா?"

"ஒருதடவை சரிபாத்துக்கம்மா," என்றார் கடைசியில்.

வண்டியில் ஏறுமுன் சக்கரக் காற்றிலிருந்து சைரன் வரை தினமும் தொட்டுப் பார்க்காமல் புறப்படாதவர் டிரைவரம்மா. பழக்கத்தில் கை கோட்டின் விளிம்புவரை போயிற்று. பிறகு இறங்கிவிட்டது.

"நீங்க வெச்சீங்கல்ல? போதும்."

அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் எத்தனை கோட்டு வேண்டுமானாலும் பிரித்துத் தைத்திருப்பார் மாஸ்டர்.

மாடி மண்டபம் நிறைந்திருந்தது. உணவு இன்னும் பரிமாறப்படவில்லை. பழச்சாறு நிறைந்த கண்ணாடிக் கோப்பைகளைத் தட்டில் ஏந்தி, பரிமாறும் பெண்கள் கூட்டத்தில் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தனர். இஞ்சுடேப்பு வந்தார். டிரைவரம்மாவைச் சுற்றி, கோயில் தூணைச் சுற்றிப் பார்ப்பவர்போல், ஒரு முழு வட்டம் அடித்தார். தோளில் நின்றது கண், இடுப்பில் நின்றது, முதுகில் நின்றது. ஒன்றும் அகப்படவில்லை.

"என்ன அண்ணி, இன்னைக்கு வெறுங்கையோட வந்துட்டீங்க? பைக்குள்ள இருந்த கடையெல்லாம் மூடியாச்சா?"

"மூடியாச்சுண்ணே," என்று மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்தார் டிரைவரம்மா.

இஞ்சுடேப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். "விழுகை... நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்! மாஸ்டரின் காலடியில் தரை இருந்ததா என்பதே ஐயம்.

அப்போதுதான் கண்ணாடி உடைந்தது. பரிமாறிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி, யாரோ திடீரென்று பின்னால் நகர்ந்ததில் நிலை தடுமாறித் தட்டோடு விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது முன்னங்கையில் நீளமாக ஒரு வெட்டு. பழச்சாறுதான் வழிகிறது என்று எண்ணியவர்கள், அடுத்த கணம் அலறிக்கொண்டு விலகினார்கள்.

விலகியவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் முன்னே பாய்ந்தார். டிரைவரம்மா அந்தப் பெண்ணைத் தரையில் படுக்கவைத்தார். காயத்தில் கண்ணாடித் துண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார். மேசைவிரிப்பை உருவி மடித்து, இரண்டு கையாலும் வெட்டின் மேல் அழுத்தி, அந்தக் கையை உயரத் தூக்கிப் பிடித்தார். விரிப்பு சிவந்துகொண்டே வந்தது.

"மாஸ்டர்! என் கையை எடுக்க முடியாது. இடது உள்பையில கட்டுத்துணி. எடுங்க!"

மாஸ்டர் மண்டியிட்டார். கையைக் கோட்டுக்குள் விட்டார். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி விட்டார், மறுபடி வழுக்கியது. பை இருந்தது, பைக்குள் கட்டுத்துணி இருந்தது, நடுவில் வாய் இல்லை.

அவருக்கு விளங்கிவிட்டது. தைத்து முடித்த புதுக் கோட்டைத் தொங்கவிடுமுன், துணி பிதுங்காமல் இருக்க, பைகளின் வாயையெல்லாம் ஓட்டுத்தையல் போட்டு மூடிவிடுவது கோட்டுத் தைப்பவர்களின் வழக்கம். வாங்கிப் போகிறவர்கள் நூலை வெட்டிக்கொள்வார்கள். நேற்று மாலை மனம் முழுக்க மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டிருக்க, பழகிய கை தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

"என்ன மாஸ்டர், எங்க?"

"தைச்சிருக்கு."

"எது தைச்சிருக்கு?"

"பை. எல்லாப் பை வாயையும்... மூடித் தைச்சுட்டேன்."

டிரைவரம்மா ஒரு பார்வை பார்த்தார். எத்தனையோ ஆண்டு இல்லறத்தில் அப்படி ஒரு பார்வையை மாஸ்டர் சந்தித்ததில்லை.

"கத்திரியால வெட்டுங்க!"

"கத்திரியும் பைக்குள்ளதாம்மா இருக்கு."

மாஸ்டர் நிமிர்ந்து கத்தினார்: "யாராவது ஒரு கத்திரி குடுங்க! ஒரு பிளேடு!"

சுற்றி நின்றவர்கள் யார்? கத்திரியே வாழ்வாகக் கொண்டவர்கள். தூக்கத்திலும் கத்திரியைப் பிரியாதவர்கள். மண்டபம் முழுவதும் தையல்காரர்கள். ஒருவரிடத்தும் ஒரு பிளேடு இல்லை! விழுகை கெடும் என்று கைக்குட்டைகூட இல்லாமல் வந்திருந்தார்கள் அத்தனை பேரும். இஞ்சுடேப்பு பதறித் தம் பைக்குள் கையைத் திணித்தார். அவர் நகமும் துணியில் முட்டி நின்றது. அவருடையதும் தைத்தே இருந்தது. யாரோ கத்தி எடுத்துவரக் கீழ்த்தளத்துச் சமையலறைக்கு ஓடினார்.

"கிழிங்க மாஸ்டர்!"

கிழிக்க இழுத்தார். வரவில்லை. இரட்டை நூல், மெழுகு தடவிய நூல். என் தையல் பிரியாது என்று ஊரெல்லாம் மார்தட்டிய அதே தையல். வாழ்நாளில் முதன்முறையாக அந்தத் திறமையை அவர் சபித்தார்.

பிறகு குனிந்தார். சங்கத் தலைவர் பார்க்க, இஞ்சுடேப்பு பார்க்க, மண்டபமே பார்க்க, மனைவியின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து, முன்பல்லின் வெட்டில் நூலை மாட்டி ஒரு கடி கடித்தார். டக்கென்று அறுந்தது. கட்டுத்துணி வெளியே வந்தது.

"கையுறை!"

கைப்பட்டியில் ஒரு கடி.

"கத்திரி!"

உள்மடிப்பில் ஒரு கடி. கத்திரி வந்த பிறகாவது அவர் அதைப் பயன்படுத்தியிருக்கலாம், தோன்றவில்லை.

"கூட்டத்தை விலக்குங்க, காத்து வரட்டும்!"

காலரின் அடியில் ஒரு கடி. விசிலை வாயில் வைத்து மாஸ்டர் ஊதிய ஊதலில், இஞ்சுடேப்பு சுவரோரம் போய் நின்றார்.

டிரைவரம்மாவின் கைகள் அதற்குள் மேசைவிரிப்பின் மேலேயே கட்டுத்துணியை வைத்து இறுக்கிச் சுற்றிவிட்டிருந்தன. சிவப்பு மேலே ஏறுவது நின்றது. படுத்திருந்த பெண் நடுங்கிக்கொண்டே கேட்டாள்:

"தையல் போடணுமாக்கா?"

"போடணும்டா கண்ணு. பயப்படாத, இங்க இருக்குறவங்க யாரும் போட மாட்டாங்க. ஆஸ்பத்திரியிலதான் போடுவாங்க."

அந்த நிலையிலும் அந்தப் பெண் சிரித்தாள். சற்று நேரத்தில் டிரைவரம்மாவின் சக ஓட்டுநர்களே வண்டியோடு வந்து, கட்டைப் பார்த்துத் தலையசைத்து, அவளை ஏற்றிச் சென்றார்கள். சமையலறைக்கு ஓடியவர் அப்போதுதான் ரொட்டி வெட்டும் கத்தியோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

கூட்டம் மெல்லப் பழைய பேச்சுக்குத் திரும்பியது. பெண்கள் மட்டும் திரும்பவில்லை. டிரைவரம்மாவைச் சூழ்ந்து நின்று, கோட்டின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். இஞ்சுடேப்பின் மனைவி தம் இடுப்பிலிருந்த மூடியை உயர்த்தி, வெறும் துணியைத் தட்டிக் காட்டிக் கணவரிடம் சொன்னார்:

"எனக்கும் பை வைங்க."

"லைன் கெட்டுப்போகும்மா..."

"என் இடுப்பு. என் லைன்."

கண்ணாலேயே எதையும் அளந்துவிடும் மனிதர், அந்தக் குரலின் நீளத்தை அளந்துகொண்டு, "சரி" என்றார்.

மாஸ்டர் இதில் எதையும் ரசிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தபோது, ஓரடி பின்தங்கியே வந்தார். டிரைவரம்மாவின் கோட்டில் அறுந்த நூல்கள் தொங்கின. கைப்பட்டியில் ஒரு கறை. நிறுத்தத்தில் நின்றதும் அவரே ஆரம்பித்தார்.

"கை வெச்சா பொருள் வரணும்னு சொன்ன."

"சொன்னேன்."

"வரல."

"வரல."

"கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். கேக்கல. வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடுத்துடு. பிரிச்சுடறேன்."

டிரைவரம்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேருந்து ஒன்று வந்தது; அவர்களுடையது அல்ல; போயிற்று.

"மாஸ்டர், நான் என்ன சொன்னேன்? சரியாச் சொல்லுங்க. *நான்* கை வெச்சா வரணும்னு சொன்னேன். இன்னைக்கு என் ரெண்டு கையும் அந்தப் பொண்ணு கையில இருந்துச்சு. பையில கை வெச்சது நீங்க. நான் இன்னும் வெச்சுப் பாக்கவே இல்ல."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப வெக்கறேன், பாருங்க," என்று டிரைவரம்மா வலது இடுப்பின் மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டார்.

நகம் முட்டியது.

கடிபடாமல் மிஞ்சியிருந்த பைகளில் அதுவும் ஒன்று. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவரம்மா கையை எடுத்தார். மூடியைக் கீழே விட்டார். பிறகு கோட்டின் ஓரத்தை இரு விரலால் பிடித்து, கணவரின் பக்கமாக நீட்டினார்.

"ம்... கடிங்க."

"இங்கயா? ஆளுங்க பாக்குறாங்கம்மா."

"மண்டபத்துல பாக்கலையா? கடிங்க மாஸ்டர். நான் இன்னும் கை வெக்கலைன்னே வெச்சுக்கறேன்."

நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நரைத்த தலை ஒன்று, கருநீலக் கோட்டின் இடுப்பில் குனிந்தது. டக்.

டிரைவரம்மா கையை உள்ளே விட்டார். உறை வந்தது, உறைக்குள்ளிருந்து குளுக்கோஸ் மிட்டாய் வந்தது. இரண்டாக உடைத்து, பெரிய பாதியைக் கணவரிடம் கொடுத்தார்.

"பல்லு இருக்கா?"

மாஸ்டர் நாவால் தடவிப் பார்த்தார். "இருக்கு."

பேருந்து வந்தது. கூட்டம் முண்டியது. டிரைவரம்மா அவசரப்படவில்லை. இடது கையால் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடியே, நிமிர்ந்து, படியேறினார்.